பதினைந்து நிமிடப் பூட்டு

மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையிலுள்ள பக்கம் தானாக மூடிக்கொள்ளும், பிறகு பாஸ்வேர்ட் போட்டுத்தான் திறக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் ஏழு ஊழியர்களும் அவர்கள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எனக்கு இதெல்லாம் பழக்கம். பூட்டு வேண்டும் என்று கூப்பிடுவார்கள். போட்டுக் கொடுத்தால், சாவியை எடுக்கச் சோம்பலாக இருக்கிறது என்பார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி என் நாத்தனார். என் கணவரின் தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். காப்பகத்துக்கு மென்பொருள் எழுதும் அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். "எங்க அண்ணி கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி மேடம், கொஞ்சம் கோபம் மட்டும் வரும்" என்று சிபாரிசு செய்திருக்கிறாள். அந்தக் கோபத்தைப் பற்றி அவள் ஏன் சொல்ல வேண்டும் என்று நான் அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டேன்.

"அண்ணி, ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பால் கப். மூணாவது கை எப்ப முளைக்கும்னு சொல்லுங்க, அதுல பாஸ்வேர்ட் அடிக்கிறேன்" என்றாள் எல்லோர் முன்னாலும்.

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது.

"பழகிடும்" என்றேன்.

நான் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே நான்கு அறை, அறுபது குழந்தை. ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு தொடுதிரை. எந்தக் குழந்தை எப்போது பால் குடித்தது, எவ்வளவு நேரம் தூங்கியது என்று ஊழியர்கள் அதில் பதிவார்கள். பெற்றோர்கள் தங்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். முதலில் நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தனித்தனியாக எழுதியிருந்தேன்: லாகின் செய்தவரா பார், இல்லையென்றால் திருப்பி அனுப்பு. முப்பத்திரண்டு பக்கம். முப்பத்தொன்றில் எழுதினேன், ஒன்றில் மறந்துவிட்டேன். அந்த ஒன்று, எந்தக் குழந்தையை யார் வந்து அழைத்துப் போகலாம் என்கிற பக்கம். அதை ஒரு குழந்தையின் அப்பா தற்செயலாகத் திறந்து, அறுபது வீட்டுச் சமாச்சாரத்தையும் படித்துவிட்டு, நேரே நிர்வாகியிடம் போய்க் காட்டினார். எனக்கு மூக்கு உடைந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். பெற்றோர் பகுதி, ஊழியர் பகுதி, அலுவலகப் பகுதி என்று பக்கங்களை மூன்று கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் வாசலில் ஒரே காவல் வைத்தேன். உள்ளே எத்தனை பக்கம் இருந்தாலும், நாளைக்குப் புதிதாக எதைச் சேர்த்தாலும், வாசலைத் தாண்டாமல் ஒன்றும் திறக்காது. மூன்று முறை தப்பாக அடித்தால் பதினைந்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். மறதிக்கு இடமே இல்லை. செய்து முடித்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த ஜோரில் இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எந்தக் குழந்தைக்கு எது ஆகாது, எதைக் கொடுத்தால் உடம்புக்கு வரும் என்கிற பட்டியல். பேரோடு, நோயோடு. பிள்ளையை விட வருகிற எல்லோரும் நின்று படித்தார்கள். "நாளைக்கு யாராவது இதைப் படம் எடுத்துப் பரப்பினா என்ன செய்வீங்க?" என்று நிர்வாகியிடம் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. பட்டியலை ஊழியர் பகுதிக்குள் ஒரு பக்கமாக வைத்தேன். நான்கு அறையிலும் காகிதத்தை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

குட்டி எங்களோடு இருக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்தாள். என்ன நடந்தது என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், காப்பகத்தில் வேலை கிடைத்ததும் மனுஷியானாள். பாட ஆரம்பித்தாள். என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டைப் பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் தனியாகப் போவதாக இருந்தாள். அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை என்பது என் வீட்டுக் கதவு ஜன்னலுக்கெல்லாம் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இப்ப யாரும் லாகினைப் பத்திப் புலம்பறதில்லை, பார்த்தியா? பழகிடுச்சு" என்றேன். வாயைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

குட்டி குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நாங்க லாகினே பண்றதில்ல."

"என்னது?"

"காலையில ஏழு மணிக்கு நான் போய் நாலு ரூம்லயும் ஒரு தடவை திறந்துடுவேன். திறந்துட்டு, தூக்கம் பக்கத்தைப் போட்டு வச்சிடுவோம். அது மட்டும் மூடிக்கிறதே இல்ல. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும். யார் வேணா தொட்டுக்கலாம்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். தூங்கும் குழந்தை எவ்வளவு நேரமாகத் தூங்குகிறது என்று காட்ட, அந்தப் பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அதை வாசல் காவல், யாரோ ஆள் தொட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதியது நான். கண்டுபிடித்தது, மாஸ்க்கையும் ஏப்ரனையும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற ஏழு பேர்.

"எத்தனை நாளா?"

"பூட்டு போட்ட மறுநாள்லேர்ந்து" என்றாள். என் கணவர் வெங்காயத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேனே, ஒருத்தராவது காதில் போட்டுக்கொண்டார்களா? அங்கேயே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குழம்பு கொதிப்பதற்குள் அந்த ஓட்டையை அடைத்தேன். தூக்கம் பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் அது இனி ஆள் தொட்டதாகக் கணக்கில்லை. மற்றெல்லாப் பக்கமும்போல மூன்று நிமிடத்தில் மூடும். குட்டியிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. காலையில் திரை மூடிக்கொள்ளும்போது ஏழு முகமும் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

மறுநாள் மதியம் நிர்வாகி போன் செய்தார்.

இரண்டாம் அறையில் பதினாலு மாதப் பெண் குழந்தை ஒன்று. எல்லோரும் அவளைச் சுருட்டை என்பார்கள், தலைமுடி அப்படி. பசும்பால் ஆகாது. இரண்டு வாரம் முன்புதான் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு இரண்டாம் அறையில் வழக்கமாக இருப்பவள் விடுப்பு. குட்டியை அங்கே போட்டிருந்தார்கள். பத்தே முக்கால் பால் நேரம். குட்டி எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்ததையே சுருட்டைக்கும் கொடுத்துவிட்டாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிர்வாகி விசாரித்தபோது குட்டி சொன்னது இரண்டே வார்த்தை. பட்டியலைப் பார்த்தாயா என்றால், பார்க்கல. ஏன் என்றால், பார்க்கல. வெள்ளிக்கிழமை வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை முடிவு. கவனக்குறைவு என்று அவள் பணிச் சான்றிதழில் எழுதிவிட்டால் அப்புறம் எந்தக் காப்பகமும் அவளை வாசற்படி ஏற்றாது.

வீட்டுக்கு வந்தவளை நான் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாத ரூம், தெரியாத பிள்ளைங்க. ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க உனக்கு என்ன கேடு குட்டி?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காக எவ்வளவு பேசி வச்சிருக்கேன் அங்க. கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

"விடேன்" என்றார் என் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

குட்டி மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பதில் சொன்னாலாவது சண்டை போட்டுத் தொலைக்கலாம்.

வியாழக்கிழமை நிர்வாகியிடமிருந்து இன்னொரு போன். "பெத்தவங்களுக்கு எழுத்துல கொடுக்கணும். அன்னிக்கு அந்த ரூம்ல பட்டியலை யார், எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு எடுத்துக் கொடுங்க. உங்க நாத்தனார்தான், எனக்குத் தெரியும். ஆனா உள்ளதை உள்ளபடி வேணும்."

"உள்ளதைத்தான் கொடுப்பேன்" என்றேன், ரோஷத்தோடு.

பதிவை எடுத்தேன். பட்டியல் திறந்த நேரம்: பத்து ஐம்பத்தெட்டு. பெயர்: குட்டி. பால் கொடுத்ததாக அவளே பிற்பாடு பதிந்திருந்த நேரம் பத்து ஐம்பது. கொடுத்துவிட்டு எட்டு நிமிடம் கழித்துப் பார்த்திருக்கிறாள். பார்க்காமல் இருந்ததைவிட இது மோசம். இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று உட்கார்ந்திருந்தபோதுதான், அந்த வரியின் கடைசியில் இருந்த சிறு குறிப்பைக் கவனித்தேன். அவள் அந்தப் பக்கத்துக்குத் தானாகப் போகவில்லை. லாகின் செய்ததும் வாசல் அவளை அங்கே அனுப்பியிருக்கிறது.

இதை விளக்க வேண்டும். லாகின் செய்யாமல் உள்ளே ஒரு பக்கத்தைக் கேட்டால், வாசல் அவரைத் திருப்பி அனுப்பும். ஆனால் எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அவர் லாகின் செய்ததும் கேட்ட பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். யாரும் இரண்டு முறை தேட வேண்டாமே என்று நான்தான் அந்த வசதியை வைத்தேன். அப்படியானால் பத்து ஐம்பத்தெட்டுக்கு முன்பே அவள் பட்டியலைக் கேட்டிருக்கிறாள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பதிவு தனியாக இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, நான் உட்பட. திறந்தேன்.

பத்து நாற்பத்தொன்று: இரண்டாம் அறை, பட்டியல் கேட்கப்பட்டது, திருப்பி அனுப்பப்பட்டது. பத்து நாற்பத்திரண்டு: பாஸ்வேர்ட் தவறு. அதே நிமிடத்தில் இன்னொரு தவறு. பத்து நாற்பத்து மூன்று: தவறு, பதினைந்து நிமிடப் பூட்டு. பத்து நாற்பத்து நான்கு: பட்டியல், திருப்பி அனுப்பப்பட்டது. பத்து நாற்பத்தாறு: பட்டியல், திருப்பி அனுப்பப்பட்டது. பத்து நாற்பத்தொன்பது: பட்டியல், திருப்பி அனுப்பப்பட்டது. பத்து ஐம்பத்தெட்டு: பூட்டு திறந்த நொடியில் சரியான பாஸ்வேர்ட்.

மாவு கையோ ஈரக் கையோ, இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எட்டு எழுத்தும் ஒரு எண்ணும் ஒரு குறியும் அடித்திருக்கிறாள். அன்று கூட இருந்தவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள். அவளுக்கு லாகின் உண்டாக்கிக் கொடுங்கள் என்று நிர்வாகி சொல்லியனுப்பியது என் மேஜையில் கிடந்தது. பத்து ஐம்பத்தெட்டுக்குப் பட்டியல் திறந்திருக்கிறது; பத்து ஐம்பத்தொன்பதுக்குக் குட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். அப்போது குழந்தையின் உடம்பில் ஒரு தடிப்புகூட வரவில்லை என்று நிர்வாகியே என்னிடம் சொல்லியிருந்தார். "எப்படியோ முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு ஓடி வந்தா" என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் மேஜையில் உட்காராமல் இருந்திருந்தால் அந்தத் திரை திறந்தே இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. பொறுப்பு வேண்டாமா என்று அவளைக் கேட்ட வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குட்டி எழுவதற்கு முன் கிளம்பினேன். நிர்வாகியின் அறையில் பெரியவர்கள் உட்கார ஒரு நாற்காலிதான் உண்டு, அதில் அவர் இருப்பார். வருகிறவர்கள் குழந்தைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார வேண்டும். உட்கார்ந்து, இரண்டு பதிவையும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இத்தனை நாள் அந்தத் திரை திறந்தே இருந்துச்சா?"

"ஆமா."

"யார் மூடினது?"

"நான்."

"என்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அவங்ககிட்ட?"

"இல்ல. வேணும்னேதான் சொல்லல."

"சுவத்துல இருந்த காகிதத்தை எடுக்கணும்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரின்னு தலையாட்டினது நான்" என்றார். "அவ மேலயும் தப்பு இருக்கு. தெரியலைன்னா பாலை நிறுத்தி வச்சிருக்கணும். அதை அவகிட்ட பேசிக்கிறேன். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. வேணாம், நானே சொல்றேன். பெத்தவங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். உங்க பேரும் இருக்கும்."

"எழுதுங்க."

"இந்த வேலையை இனிமே வேற யாராவது பார்க்கட்டும். எல்லாத்தையும் எழுதி ஒப்படைச்சிடுங்க."

ஒப்படைப்பதாகச் சொன்னேன். அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதே வேலையை வேறு இரண்டு காப்பகங்களுக்கும் செய்துகொண்டிருந்தேன். பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள், அவையும் போகும் என்று தெருவுக்கு வந்தபோது தெரிந்தது.

வீட்டில் குட்டி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"மேடம் போன் பண்ணாங்க."

"நல்லது."

"என்ன நல்லது? நீங்க மூடினது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அன்னிக்குக் காலையில ஏழே கால் மணிக்கே தெரியும். தூக்கம் பக்கம் மூடிக்கிச்சு. எங்க அண்ணி வேலையைக் காட்டிட்டாங்கன்னு சிரிச்சேன்கூட."

"அப்ப ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா உங்க வேலை போகும். மத்த ரெண்டு இடமும் போகும். வீட்ல ஒருத்திக்கு வேலை போறதே போதும்னு நான் முடிவு பண்ணிட்டேன். மூணு நாளா நீங்க திட்டறதைக் கேட்டுக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த முடிவையும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டு வந்து நிக்கறீங்க."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"அதைத்தான் அண்ணி சொல்றேன்" என்றாள். குரல் உயரவில்லை. "வேற பதில் வரும்னு தெரிஞ்சா நீங்க கேக்கவே மாட்டீங்க. காகிதத்தை எடுத்தப்பவும் எங்களைக் கேக்கல. மூணு நிமிஷம்னு வச்சப்பவும் கேக்கல."

பதில் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. காகிதத்தை நின்று படித்த பெற்றோர், அந்த அப்பா, முப்பத்திரண்டு பக்கம்.

"தப்புதான் குட்டி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் அண்ணனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேலி செய்திருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ரூம்ல எந்தப் பிள்ளைக்கும் ஆகாததுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு போன மாசம் வரைக்கும் தெரியும். அதே நினைப்புல கொடுத்துட்டேன். எல்லாரும் குடிக்கிறாங்க, அவ மட்டும் கையை நீட்டி அழுதா. நீங்க எத்தனை பதிவு காட்டினாலும் கப்பைப் பிடிச்சது நான்தானே. என் கையிலேர்ந்துதான் குடிச்சா. குடிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது.

"திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. அந்த ரூமுக்குள்ள எப்படிப் போவேன்?"

நான் கூட வருகிறேன், கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விடுகிறேன், சுருட்டையின் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் கூட வரட்டுமா?"

அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வேணாம் அண்ணி" என்றாள்.

சரி என்றேன்.